விமானம் வழுக்கி இறங்குவதும் வானத்து வரிசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலந்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மேலேதான் விமானங்கள் போகும். மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் கடல் பக்கமிருந்து வந்து, ஆயிரம் அடிக்கும் குறைவான உயரத்தில் சக்கரத்தை விரித்துக்கொண்டு மீனம்பாக்கம் ஓடுபாதையைப் பார்த்து இறங்கும். பல வருஷமாக இதைப் பார்த்தும் படித்தும் வருவதால், அக்கம்பக்கத்தாரும் உறவுக்காரர்களும் என்னிடம் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளும் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். எரிபொருளை மிச்சப்படுத்தி இறங்குவது பற்றி மட்டும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் அவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

கீழே இறங்குறதுக்கு எரிபொருள் எதுக்கு? சும்மா சறுக்கிக்கிட்டே வந்தா போதாதா?

ஏறக்குறைய போதும். ஏறும்போது எரித்த எரிபொருளில் ஒரு பகுதி, உயரமாகவும் வேகமாகவும் விமானத்திடமே சேர்ந்திருக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் ஸ்கூட்டரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு வருவோமே, அதே கணக்கு. ஒரு நவீன ஜெட் விமானம் இன்ஜின் விசை இல்லாமலேயே ஓர் அடி இறங்குவதற்குள் பதினைந்து, பதினேழு அடி முன்னே போய்விடும்.

விமானிகளிடம் இதற்கு ஒரு வாய்க்கணக்கு உண்டு: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 36,000 அடியில் இருந்தால் 36-ஐ மூன்றால் பெருக்கினால் 108 கடல் மைல், அதாவது சுமார் 200 கிலோமீட்டர். வேகத்தைக் குறைக்க இன்னும் கொஞ்சம் தூரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேற்கிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் வேலூரை நெருங்குவதற்கு முன்பே இன்ஜினைத் தணித்துவிட்டு, அங்கிருந்து ஒரே சரிவாக வழுக்கி வரமுடியும். இப்படி இறங்குவதற்குத் தொடர் இறக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 2010-லேயே இதற்கென்று தனிக் கையேடு வெளியிட்டிருக்கிறது.

அப்போ இப்ப எப்படித்தான் இறங்குது?

பல இடங்களில், பல நேரங்களில், மாடிப்படி இறங்குவது போல. தரையிலிருந்து வழிநடத்தும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் (ஏடிசி) 36,000 அடியிலிருந்து 15,000-க்கு வா என்பார்கள். வந்ததும் கொஞ்ச தூரம் அதே உயரத்தில் சமமாகப் பறக்கவேண்டும். அப்புறம் 8,000, அப்புறம் 4,000. ஒவ்வொரு படியிலும் விமானம் மூக்கை நிமிர்த்திச் சமமாகும்போது இன்ஜினுக்கு மறுபடி விசை கொடுத்தாக வேண்டும். கீழே காற்று அடர்த்தி அதிகம். மெதுவாகப் பறக்க உதவும் சிறகு மடிப்புகளும் பாதி விரிந்திருக்கும். ஒரு கிலோமீட்டர் போக அதிகம் எரியும் இடமே இதுதான்.

விமானங்களைக் காட்டும் செயலியில் நீங்களே இதைப் பார்க்கலாம். சில ராத்திரிகளில் நான் மாடியில் உட்கார்ந்து பார்ப்பேன். கடல் மேல் வரும் விமானத்தின் உயர எண் மளமளவென்று குறைந்துகொண்டே வரும். திடீரென்று நின்றுவிடும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் அதே எண். அது நிற்கும் ஒவ்வொரு நொடியும் இரண்டு இன்ஜினும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

யாரும் வேண்டுமென்று இந்தப் படிகளைக் கட்டவில்லை. ஒரே இடத்தில் குறுக்கிடும் இரண்டு விமானங்களுக்கு நடுவே ஆயிரம் அடி உயர வித்தியாசம் வைத்தால் மோதாது. ரேடார் திரையும் ரேடியோவும் மட்டுமே கையில் இருந்த காலத்தில் இதைவிட எளிய, உறுதியான வழி கிடையாது. கிளம்பிப் போகும் விமானம் கீழே போகட்டும், வருவது மேலே நிற்கட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். இறங்கவேண்டிய சரிவைக் காட்டும் ஓடுபாதையின் வானொலிச் சரிவுக்கற்றையைக் கீழிருந்து போய்ப் பிடிப்பதே வழக்கம் என்பதால், கடைசிப் படி கட்டாயமாகிவிட்டது.

ஒரு தடவைக்கு எவ்வளவு மிச்சமாகும்? பெருசா ஒண்ணும் இருக்காதே?

ஒரு தரையிறக்கத்துக்குச் சுமார் 50 முதல் 150 கிலோ எரிபொருள் என்று ஐரோப்பாவில் கணக்கிட்டிருக்கிறார்கள். விமானத்தின் அளவையும், எந்த உயரத்திலிருந்து தொடர் இறக்கம் தொடங்குகிறது என்பதையும் பொறுத்து இது மாறும். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டையாக்சைடு வெளியேறும். 100 கிலோ மிச்சம் என்றால் 316 கிலோ புகை குறைவு. ஒரே ஒரு தரையிறக்கத்தில்.

இதை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான விமானங்கள் இறங்கும் ஒரு நிலையத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய வான்போக்குவரத்து அமைப்பான யூரோகன்ட்ரோல், ஏற்றத்தையும் இறக்கத்தையும் தடையில்லாமல் ஆக்கினால் ஐரோப்பாவில் மட்டும் வருஷத்துக்கு 3,40,000 டன் எரிபொருள் வரை மிச்சமாகும் என்று மதிப்பிட்டது. அதில் இறக்கத்தின் பங்கு ஏற்றத்தைப் போலப் பத்து மடங்கு. புது விமானமும் புது எரிபொருளும் வேண்டாம், இருக்கிற விமானத்தை நிற்காமல் இறங்க விட்டாலே இவ்வளவு கிடைக்கும் என்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் இத்தனை ஈடுபாடு வரக் காரணம்.

இன்ஜினை அணைச்சுட்டா வர்றாங்க? கேட்கவே பயமா இருக்கே.

அணைப்பதில்லை. தணிக்கிறார்கள். சிக்னலில் நிற்கும் வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பது போல, விமான இன்ஜினும் மிகக் குறைந்த விசையில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மின்சாரமும் கேபினுக்கான காற்றும் வழக்கம்போலக் கிடைக்கும். விசைப்பிடியைத் தள்ளினால் சில நொடிகளில் முழு விசையும் வந்துவிடும்.

உண்மையிலேயே இன்ஜின் நின்றுபோனாலும் விமானம் கல் போல விழாது. 2001 ஆகஸ்ட் 24 அன்று ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏ330 ஒன்றுக்கு அட்லாண்டிக் கடல் மேல் எரிபொருள் கசிந்து இரண்டு இன்ஜின்களும் நின்றன. 306 பேருடன் சுமார் 120 கிலோமீட்டர் சறுக்கியே அசோர்ஸ் தீவில் போய் இறங்கியது. எல்லோரும் பிழைத்தார்கள். அது விபத்து, இது திட்டமிட்ட இறக்கம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். விமானத்தின் சறுக்கும் திறனைக் காட்டத்தான் சொன்னேன்.

சரி, தரையைத் தொடுற வரைக்கும் அப்படியே வரலாமா?

கூடாது. ஓடுபாதையை நெருங்கும்போது, பொதுவாக ஆயிரம் அடிக்குள், விமானம் நிலைப்பட்டிருக்க வேண்டும்: சக்கரம் விரிந்து, சிறகு மடிப்புகள் முழுதாக இறங்கி, வேகம் சரியாகி, இன்ஜினில் ஓரளவு விசை ஏறி இருக்கவேண்டும். இல்லையென்றால் தரையிறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வரவேண்டும் என்பது விமான நிறுவனங்களின் கண்டிப்பான விதி. தணிந்து ஓடும் ஜெட் இன்ஜின் விசை பிடிக்கச் சில நொடிகள் எடுக்கும். தரைக்கு அருகில் அந்த நொடிகள் இருக்காது.

2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆசியானா நிறுவனத்தின் 777 விபத்துக்குள்ளானது இப்படித்தான். விசை தணிந்த நிலையிலேயே இருந்தது, தானியங்கி வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று விமானிகள் நினைத்தார்கள், வேகம் குறைந்துகொண்டே போய் வால்பகுதி கடல்தடுப்புச் சுவரில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். தொடர் இறக்கத்தின் மிச்சம் எல்லாம் மேலே, தொலைவிலேயே கிடைத்துவிடுகிறது. கடைசிச் சில கிலோமீட்டரில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை, பிடிக்கவும் கூடாது.

இவ்வளவு நல்ல விஷயம்னா பைலட் தானாவே இப்படி இறங்க வேண்டியதுதானே? ஏடிசி எதுக்குக் குறுக்கே வருது?

விஷயத்தின் மையமே இந்தக் கேள்விதான். விமானத்துக்கு வழுக்கி இறங்கத் தெரியும். எங்கே இன்ஜினைத் தணிக்கவேண்டும் என்று கணக்குப் போடும் கணினி 1980-களிலிருந்தே விமானி அறையில் இருக்கிறது. ஆனால் வானத்தில் அது தனியாக இல்லையே. அதற்கு முன்னால் ஒரு விமானம், பின்னால் ஒரு விமானம், பக்கவாட்டில் இன்னொரு திசையிலிருந்து வந்து சேரும் விமானம், எல்லாம் ஒரே ஓடுபாதைக்கு வருகின்றன. ரேடாரில் குறைந்தது 3 கடல் மைல் இடைவெளி வேண்டும். பெரிய விமானத்தின் இறக்கைக்குப் பின்னால் சுழல்காற்று உருவாகும் என்பதால், அதன் பின்னால் ஏ320 அளவுள்ள விமானம் வந்தால் 5 கடல் மைல்.

ஒவ்வொன்றும் தன் எடைக்கும் காற்றுக்கும் தகுந்தபடி வழுக்கி வந்தால், எது எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. சின்ன ஏடிஆர் விமானம் ஒரு மாதிரி இறங்கும், பெரிய 777 வேறு மாதிரி. கட்டுப்பாட்டாளர் என்ன செய்வார்? ஒன்றைச் சமமாகப் பறக்கவைப்பார், ஒன்றைச் சுற்றிவரச் சொல்வார், ஒன்றின் வேகத்தைக் குறைப்பார். ரேடியோவில் நாலு வார்த்தை, இடைவெளி சரியாகிவிடும். எரிபொருள்தான் வீணாகும்.

அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் 2002-லும் 2004-லும் யூபிஎஸ் சரக்கு விமானங்களை வைத்து எம்ஐடி பேராசிரியர் ஜான்-பால் கிளார்க்கின் குழு சோதனை செய்தது. அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். நள்ளிரவு நேரம், வேறு போக்குவரத்து குறைவு, வருவது பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் விமானங்கள். வரிசை எளிதாக இருந்தால் வழுக்கலும் எளிது. அதையே நெரிசலான மாலை ஆறு மணிக்குச் செய்துகாட்டுவதில்தான் உலகமே இருபது வருஷமாக மெனக்கெடுகிறது.

நெரிசல் நேரத்துல முடியவே முடியாதா?

முடியும், ஆனால் வரிசையை முன்கூட்டியே, உயரத்திலேயே ஒழுங்குபடுத்தவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி, யூரோகன்ட்ரோல் உருவாக்கி ஆஸ்லோவில் 2011-ல் முதலில் நடைமுறைக்கு வந்தது. வானத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்கிறார்கள். அந்தப் புள்ளியை மையமாக வைத்து ஒரு வில் வரைகிறார்கள். வரும் விமானங்கள் அந்த வில்லின் மேல் வரிசையாகப் பறக்கும். வில்லில் எங்கே இருந்தாலும் மையத்துக்குத் தூரம் ஒன்றுதான். முன்னால் போனதற்குப் போதுமான இடைவெளி விழுந்ததும், "மையத்தை நோக்கித் திரும்பு" என்று ஒரே ஒரு கட்டளை. திரும்பிய நொடியிலிருந்து இன்னும் எத்தனை மைல் பாக்கி என்று விமானிக்கும் தெரியும், கட்டுப்பாட்டாளருக்கும் தெரியும். அங்கிருந்து ஒரே வழுக்கல்.

வில்லின் மேல் பறக்கும் நேரம் சமப் பறப்புதானே என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. ஆனால் அது உயரத்தில், சிறகு மடிப்புகள் விரியாமல் நடக்கும் பறப்பு. கீழே கடலை ஒட்டிப் பறப்பதைவிடச் செலவு குறைவு.

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் வேறு வழி. 6,000 அடிக்குக் கீழே வந்தபிறகு 2.5 கடல் மைலுக்கு மேல் சமமாகப் பறக்காமல் இறங்கினால் அதைத் தொடர் இறக்கம் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். கொஞ்சம் தளர்வான வரையறைதான். அதனால்தான் உலகத்தின் நெரிசலான நிலையங்களில் ஒன்றிலும் அது தினமும் நடக்கிறது. நூற்றுக்கு நூறு சரிவு வேண்டும் என்று அடம்பிடிப்பதைவிட எனக்கு இதுவே நல்லதாகப் படுகிறது.

வானத்துலயே வட்டம் அடிக்க வைக்கிறாங்களே, அது எவ்வளவு வேஸ்ட்!

ஆமாம். வழுக்கி இறங்கி 100 கிலோ சேமித்த விமானம், அதற்கு முன் பதினைந்து நிமிஷம் வட்டமடித்திருந்தால் சேமித்ததைப் போலப் பல மடங்கு எரித்திருக்கும். லண்டனில் ஹீத்ரோவுக்கென்றே நான்கு வட்டமடிக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்து, கீழ் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள்.

இதைக் குறைக்க 2014-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஹீத்ரோவில் தாமதம் வரும் என்று தெரிந்தால், 350 கடல் மைல் தொலைவில், பக்கத்து நாடுகளின் வானத்தில் இருக்கும்போதே விமானத்தை மெதுவாக வரச் சொல்வார்கள். எப்படியும் காத்திருக்கப்போகிறது, அதை உயரத்தில் மெதுவாகப் பறந்தே கழிக்கட்டும் என்ற எண்ணம். அதற்குப் பக்கத்து நாட்டுக் கட்டுப்பாட்டாளர்களும் ஒத்துழைக்க வேண்டும். தன் வானத்தில் இல்லாத நெரிசலுக்காகத் தன் வேலையைக் கூட்டிக்கொள்ள அவர்கள் சம்மதித்தார்களே, அதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

எல்லாரும் ஏறியாச்சு, கதவும் மூடியாச்சு, அரை மணி நேரம் கிளப்பவே இல்லை. "ஏடிசி ஸ்லாட்"னு சொன்னாங்க. இதுவும் அதேதானா?

அதேதான். போகிற ஊரில் இறங்க இடம் இல்லை என்றால், மேலே போய் வட்டமடிப்பதைவிடத் தரையில் உட்காருவது மலிவு. டெல்லியில் இருக்கும் மைய ஓட்ட மேலாண்மை நிலையம், எந்த நிலையத்துக்கு எந்த நேரத்தில் எத்தனை விமானம் தாங்கும் என்று பார்த்துக் கிளம்பும் நேரத்தை ஒதுக்குகிறது. உள்ளே புழுக்கமாக இருக்கும், கோபம் வரும், தெரியும். ஆனாலும் அந்த அரை மணி நேரம் பெரிய இன்ஜின்கள் ஓடவில்லை.

ஏடிசியை நவீனமாக்குறதுன்னா என்ன? புது ரேடார் வாங்குறதா?

ரேடார் அதில் சின்னப் பகுதி. பழைய முறையில் ஒரு கட்டுப்பாட்டாளரின் மேஜையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டை, பிளாஸ்டிக் சட்டத்தில் செருகியிருக்கும். உயரம் மாறினால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் பேனாவால் புதிதாக எழுதுவார். விமானம் அடுத்தவர் பகுதிக்குப் போகும்போது பட்டையும் கைமாறும். எந்த விமானம் எப்போது ஓடுபாதைக்கு வரும் என்ற முழுப் படமும் அவர் தலைக்குள்தான். திறமைசாலிகள், சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவர் தலைக்குள் இருக்கும் படத்தை 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொருவர் பார்க்கமுடியாது.

நவீனமாக்குவது என்றால் அந்தப் படத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியே கொண்டுவருவது. இதில் நாலைந்து விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. ஏடிஎஸ்-பி என்ற முறையில் விமானமே தன் இடத்தையும் உயரத்தையும் ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டிருக்கும். அமெரிக்கா 2020 ஜனவரி 1 முதல் நெரிசலான வான்பகுதிகளில் இதைக் கட்டாயமாக்கியது. முன்னே சொன்ன செயலி காட்டுவதும் பெரும்பாலும் இந்த அறிவிப்புகளைத்தான். தரவு இணைப்பு என்பது கட்டளைகளைப் பேச்சுக்குப் பதில் எழுத்தாக அனுப்புவது. வங்காள விரிகுடா மேல் சாதாரண ரேடியோ எட்டாத தூரத்தில் சென்னைக் கட்டுப்பாட்டு மையம் பறக்கும் விமானங்களோடு இப்படித்தான் பேசுகிறது. அப்புறம், தரையில் உள்ள வானொலிக் கம்பங்களைத் தொட்டுத் தொட்டுப் போகாமல் செயற்கைக்கோள் துணையோடு விருப்பமான பாதையில் துல்லியமாகப் பறப்பது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1996-லேயே மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய ஜூனோ நிலையத்தில் இதைச் செய்துகாட்டியது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வருகை மேலாளர் கணினி இருக்கும். ஓடுபாதையில் யார் எத்தனாவது, எந்த நிமிஷம் என்று அது வரிசை போடும். முன்னே சொன்ன ஹீத்ரோ ஏற்பாட்டில் 350 கடல் மைல் தொலைவில் உள்ள விமானத்துக்குத் தாமதத்தைச் சொன்னது இப்படிப்பட்ட கணினிதான்.

எதிர்க்காத்து அடிச்சா ஏன் எல்லா ஃபிளைட்டும் லேட்டாகுது?

இடைவெளியைத் தூரத்தில் அளப்பதால். 4 கடல் மைல் இடைவெளி என்று வைத்திருக்கிறோம். பலமான எதிர்க்காற்றில் தரையைப் பொறுத்த வேகம் குறையும், அதே 4 மைலைக் கடக்க அதிக நேரம் ஆகும், ஒரு மணி நேரத்தில் இறங்கும் எண்ணிக்கை குறையும். மிச்சமானவை காத்திருக்கும், வட்டமடிக்கும். ஹீத்ரோ 2015-ல் இடைவெளியை நேரத்தில் அளக்கத் தொடங்கியது. காற்று பலமாக இருக்கும்போது சுழல்காற்றும் சீக்கிரம் கலைந்துவிடுகிறது என்று அளந்து பார்த்தபிறகே இதைச் செய்தார்கள்.

ககன்னு இந்தியாவோடது ஒண்ணு இருக்காமே, அது இதுக்கு உதவுமா?

உதவும். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது ககன். ஜிபிஎஸ் தரும் இடத்தில் உள்ள சிறு பிழைகளைத் தரை நிலையங்கள் கண்டுபிடித்து, திருத்தத்தைச் செயற்கைக்கோள் வழியாக விமானத்துக்கு அனுப்பும். இதனால் வானொலிச் சரிவுக்கற்றைக் கருவி இல்லாத சின்ன நிலையத்திலும் துல்லியமான சரிவில் இறங்கலாம். 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ராஜஸ்தானின் கிஷன்கரில் இப்படி இறங்கியது.

ஆனால் ககன் சரிவைத்தான் தரும், வரிசையைத் தராது. நெரிசலான நிலையத்தில் அந்தச் சரிவுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது.

சத்தமும் குறையும்னு சொல்றாங்க. எங்க வீட்டு மேல கூடியிருக்கே?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். லூயிவிலில் 2002 சோதனையில் அளந்த இடங்களில் சத்தம் 3.9 முதல் 6.5 டெசிபெல் வரை குறைந்தது. தணிந்த இன்ஜின், கூடுதல் உயரம் இரண்டும் சேர்ந்த பலன் அது. ஆனால் இந்தக் குறைவு ஓடுபாதையிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் ஊர்களுக்குத்தான். ஆலந்தூர், கிண்டி போன்ற இடங்களில், எந்த முறையில் வந்த விமானமும் கடைசியில் ஒரே சரிவில், ஒரே உயரத்தில், விசை ஏற்றித்தான் போகும். எங்கள் மாடியில் வித்தியாசம் தெரியாது. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல், துல்லியம். முன்பெல்லாம் விமானங்கள் கொஞ்சம் அப்படி இப்படிச் சிதறிப் போகும். செயற்கைக்கோள் வழியில் எல்லாம் ஒரே கோட்டில் போகும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் பாவம். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2014 செப்டம்பரில் புதுப் பாதைகள் வந்ததும் மக்கள் கொதித்தார்கள். நகராட்சி வழக்குப் போட்டது. 2017-ல் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மக்களைக் கேட்காமல் வரைந்த பாதை எரிபொருளை எவ்வளவு மிச்சப்படுத்தினாலும் நிலைக்காது.

மேலேயாவது நேரா பறக்கலாமே, ஏன் வளைஞ்சு வளைஞ்சு போறாங்க?

வான்பரப்பில் கணிசமான பகுதி ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2020 மே மாதத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இந்திய வான்பரப்பில் 60 சதவீதம்தான் பயணிகள் விமானங்களுக்குத் தடையில்லாமல் கிடைக்கிறது என்றும், கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் வருஷத்துக்கு ஏறக்குறைய ரூ.1,000 கோடி பலன் உண்டு என்றும் அறிவித்தார். பயிற்சி நடக்காத நேரத்தில் விட்டுக்கொடுப்பது என்பதே அதன் அடிப்படை. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், இரண்டு தரப்பும் தினமும் பேசிக்கொண்டால் போதும்.

எல்லாம் கம்ப்யூட்டர்னா, அது நின்னுபோனா என்ன ஆகும்?

நின்றிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 28, பிரிட்டன். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாரிஸுக்குப் போகும் ஒரு விமானத்தின் பயணத் திட்டம் கணினிக்கு வந்தது. அதில் டிவிஎல் என்ற மூன்றெழுத்துப் பெயர் கொண்ட இரண்டு இடங்கள். ஒன்று அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், மற்றது பிரான்சின் நார்மண்டியில். இரண்டையும் ஒன்றென்று குழம்பிய கணினி, தப்பான தகவலைக் கட்டுப்பாட்டாளருக்குத் தருவதைவிட நின்றுவிடுவதே பாதுகாப்பு என்று நின்றது. மாற்றுக் கணினி அதே திட்டத்தை எடுத்து, அதே குழப்பத்தில், அதுவும் நின்றது. எல்லாம் 20 நொடிகளுக்குள். 7 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். யாருக்கும் உயிராபத்து இல்லை. கையால் பதிந்து வேலை செய்தார்கள், எண்ணிக்கையைக் குறைத்தார்கள். 2025 நவம்பரில் டெல்லியிலும் செய்திகளைப் பரிமாறும் கணினி பழுதாகி, பயணத் திட்டங்களைக் கையால் கையாண்டதில் நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின.

ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குழப்புவது இன்னொரு ஆபத்து. 2023 நவம்பரிலேயே நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதுபற்றி நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதனால்தான் பழைய ரேடாரையும் வானொலிச் சரிவுக்கற்றையையும் பெரிய நிலையங்களில் கழற்றி எறியாமல் வைத்திருக்கிறார்கள். பழையதை வைத்துக்கொண்டே புதியதைக் கட்டுவது இரட்டைச் செலவுதான். இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்கக்கூடாது என்பேன்.

எரிபொருளை மிச்சம் பிடின்னு பைலட்டை நெருக்கினா ஆபத்து இல்லையா?

நெருக்கினால் ஆபத்துதான். அதனால் விதிகளில் தொடமுடியாத ஒரு கையிருப்பு இருக்கிறது. ஜெட் விமானம் தரையிறங்கும்போது, 1,500 அடியில் 30 நிமிஷம் வட்டமடிக்கப் போதுமான எரிபொருள் தொட்டியில் மீதி இருந்தாகவேண்டும். அதற்கு மேல் மாற்று நிலையத்துக்குப் போகத் தனி எரிபொருள்.

தொடர் இறக்கம் அந்தக் கையிருப்பைத் தொடுவதில்லை. வரிசை சரியாக இருந்தால் விமானிக்கு வேலை குறையும், எரிபொருள் கூடுதலாகவே மிஞ்சும். நடுவில் இடைவெளி கெட்டுவிட்டது என்று கட்டுப்பாட்டாளர் நினைத்தால் உடனே சமமாகப் பறக்கச் சொல்லலாம், விமானி மறுபேச்சில்லாமல் செய்வார். அந்த உரிமையை எந்தக் கணினியும் பறிக்கக்கூடாது.

இவ்வளவு வருஷமா பேசுறாங்க, பணமும் கொட்டுறாங்க. ஏன் இன்னும் எல்லா இடத்துலயும் வரலை?

வான்போக்குவரத்தை நவீனமாக்கும் தன் அடுத்த தலைமுறைத் திட்டத்துக்கு அமெரிக்கா 2003-ல் சட்டம் போட்டது. இருபது வருஷம் கழித்தும் பல கோபுரங்களில் முன்னே சொன்ன காகிதப் பட்டைகள் கைமாறிக்கொண்டிருந்தன. எதிர்பார்த்த பலனில் ஒரு பகுதிதான் கிடைத்தது.

நான் புரிந்துகொண்ட காரணம் இது. புது விமானம் வாங்கினால் வாங்கிய நிறுவனத்துக்கு அன்றைக்கே பலன். புது வரிசை முறையில் எல்லோரும் சேர்ந்தால்தான் யாருக்குமே பலன். பத்தில் எட்டு விமானத்தில் கருவி இருந்து இரண்டில் இல்லாவிட்டால், கட்டுப்பாட்டாளர் அந்த இரண்டுக்காக எல்லாவற்றையும் பழைய முறையிலேயே நடத்தவேண்டியிருக்கும். நிறுவனம் "முதலில் தரையில் செய்யுங்கள்" என்கிறது, தரை "முதலில் விமானத்தில் மாட்டுங்கள்" என்கிறது. நடுவில் கட்டுப்பாட்டாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் மையத்திலிருந்து யாரை வகுப்புக்கு அனுப்புவது? கருவி வாங்குவதைவிட இதுதான் கடினம்.

சரி, சென்னையில?

சென்னைக்கு ஒரு வசதி உண்டு: கிழக்கே முழுக்கக் கடல். அந்தப் பக்கமிருந்து வழுக்கி வர வீடும் இல்லை, மலையும் இல்லை. இடைஞ்சல்களும் உண்டு. இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன, அதனால் தனித்தனியாக வரிசை போடமுடியாது. தெற்கே கூப்பிடு தூரத்தில் தாம்பரம் விமானப்படைத் தளம். மேற்கே அரக்கோணத்தில் கடற்படைத் தளம். இரண்டின் வான்பகுதிக்கும் நடுவே பாதை வளைந்து வரவேண்டும்.

பரந்தூரில் வரவிருக்கும் இரண்டாவது விமான நிலையமும் அரக்கோணத்துக்குப் பக்கம்தான். மீனம்பாக்கத்துக்கு வருபவை, பரந்தூருக்கு வருபவை, இரண்டு தளங்களின் பயிற்சிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்து வரைந்தால்தான் எதுவும் படிக்கட்டில் நிற்காமல் இறங்கும். அந்தத் தாளைக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் வரைந்துவிட வேண்டும். கட்டடத்தின் படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருக்கின்றன. நான் பார்க்கக் காத்திருப்பது அந்தப் பாதைகளின் வரைபடத்தை.